அம்பாசடர் 1489 பெட்ரோல்: மேனிஃபோல்ட் ஸ்டட், ஹெட் நட் எந்த மரை? சென்னையில் எங்கே வாங்கலாம்?

பெரம்பூர் அம்பி
வணக்கம். அப்பா 1984இல் எடுத்த அம்பாசடர் மார்க் 4 வீட்டில் இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல், பழைய பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ஜின். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்க ஆரம்பித்ததால் ஹெட்டை (என்ஜினின் மேல்மூடியை) கழற்றியாயிற்று. அப்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்டை (புகை வெளியேறும் குழாய்த் தொகுதியை) ஹெட்டோடு பிடிக்கிற ஸ்டட்டுகளில், அதாவது இரண்டு முனையிலும் மரை உள்ள தலையில்லாத போல்ட்டுகளில், இரண்டு அடியோடு முறிந்துவிட்டன. மூன்றாவது துளையில் ஸ்டட்டே இல்லை. முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் அங்கே வேறு ஏதோ போல்ட்டை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். மற்ற நட்டுகளுக்கு அரை இஞ்ச் ஸ்பேனர் கச்சிதமாகச் சேர்கிறது, இந்த ஒன்றுக்கு மட்டும் 13 எம்.எம். வேண்டியிருக்கிறது.

தெருமுனை ஹார்டுவேர் கடையில் முறிந்த ஸ்டட்டைக் காட்டினேன். "இரண்டரை நூலும் எட்டு எம்.எம்.மும் ஒண்ணுதான்" என்று சொல்லி நட் கொடுத்தார்கள். மூன்று சுற்று போனது, அதற்கு மேல் போகவில்லை. நானும் முறுக்கவில்லை, திருப்பி எடுத்துவிட்டேன்.

என் கேள்விகள்: இது எந்த மரை? எப்படி உறுதி செய்வது? சென்னையில் எங்கே கிடைக்கும்? ஹெட் ஸ்டட்டுகளையும் மாற்ற வேண்டுமா? வண்டியை ஒரிஜினல் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை, என் ஆசையும் அதுதான்.

ஹெரால்டு 948
தம்பி, அந்த எட்டு எம்.எம். நட்டைத் தூர வையுங்கள். நின்ற இடத்தில் நிறுத்தியது நல்ல காரியம்.

1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து யூனிஃபைட் மரை என்ற பொதுத் தரத்துக்கு ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் என்ஜின்களில் பெரும்பாலும் அந்த மரைதான், நெருக்கமானது யு.என்.எஃப்., அகலமானது யு.என்.சி. உங்கள் பி.எம்.சி. என்ஜின், அதாவது பி சீரிஸ், அந்தக் குடும்பம். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்த என் ஹெரால்டு காரும் அதே குடும்பம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. ஒரு நூல் என்றால் 1/8 இஞ்ச். இரண்டரை நூல் 5/16 இஞ்ச், அதாவது 7.94 எம்.எம். எட்டு எம்.எம். போல்ட்டுக்கும் இதற்கும் பருமனில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் மரையில் இருக்கிறது. 5/16 யு.என்.எஃப்.பில் ஓர் இஞ்சுக்கு 24 மரை, ஒரு மரைக்கு 1.06 எம்.எம். யு.என்.சி.யில் 18 மரை, ஒன்றுக்கு 1.41 எம்.எம். சாதாரண எட்டு எம்.எம். (எம்8) போல்ட்டின் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், 1.25 எம்.எம்., இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அதனால் இரண்டிலும் சேராது. முதல் சில சுற்று இடைவெளியில் ஓடும், அப்புறம் மரையின் பக்கவாட்டில் மோதி இறுகும். அந்த இறுக்கத்தை "நல்லா டைட் ஆயிடுச்சு" என்று நினைத்து நீள ஸ்பேனர் போட்டு இழுப்பவர்கள்தான் வார்ப்பிரும்பு ஹெட்டின் மரையை அழிக்கிறார்கள். உங்கள் மூன்றாவது துளையிலும் அதுதான் நடந்திருக்கும்.

பழைய பிரிட்டிஷ் வண்டி என்றாலே யு.என்.எஃப். என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கார்புரேட்டரிலும் லூகாஸ் மின் சாமான்களிலும் சின்னத் திருகுகள் பி.ஏ. (பழைய பிரிட்டிஷ் சிறு திருகு ரகம்) மரையாக இருக்கலாம். அதில் 0 பி.ஏ. என்பது 6 எம்.எம். பருமன், 1 எம்.எம். பிட்ச், எம்6 நட் அதில் ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் 47.5 டிகிரி, எம்6க்கு 60. பிடிப்பு நிற்காது. இன்னும் பழைய மோரிஸ் என்ஜின்கள் வேறு ரகம். இங்கிலாந்தின் கவன்ட்ரியில் இருந்த பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் தொழிற்சாலையை மோரிஸ் 1923இல் வாங்கினார். அங்கிருந்த மெஷின்கள் மெட்ரிக் மரை போடுபவை. அதனால் மெட்ரிக் மரைக்கு விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் இஞ்ச் ரகம்) ஸ்பேனர் சேர்கிற தலை வைத்து போல்ட் செய்தார்கள். எம்.ஜி. டி.சி., டி.டி. கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்றைக்கும் உண்டு. உங்களுக்கு அது வராது, கவலை வேண்டாம்.

கிண்டி டூல்ரூம்
நான் டூல்ரூமில் அளவுக் கருவிகளோடு வேலை செய்கிறேன். அளக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

வெர்னியரை மட்டும் நம்ப வேண்டாம். எந்த போல்ட்டும் பெயரில் உள்ள அளவைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். 5/16 போல்ட்டும் 7.85 காட்டலாம், எட்டு எம்.எம். போல்ட்டும் 7.85 காட்டலாம். பருமனை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

பிட்ச் கேஜ் (மரையில் வைத்துப் பார்க்கும் பல் தகடுகள்) வாங்குங்கள். இஞ்ச், மெட்ரிக் இரண்டும் உள்ளது வேண்டும், விலை அதிகமில்லை. மரையில் உள்ள கரியையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தகட்டுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சம் எங்கேயும் தெரியக் கூடாது. ஓரிரு பல் மட்டும் பொருந்துவது பொருத்தம் ஆகாது, முழு நீளத்துக்கும் உட்கார வேண்டும். கேஜ் இல்லாவிட்டால் 5/16 யு.என்.எஃப். என்று உறுதியாகத் தெரிந்த ஒரு புது போல்ட்டை எடுத்து, இரண்டின் மரையையும் பக்கத்தில் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று படிந்தால் ஒரே பிட்ச்.

விட்வொர்த்தின் 55 டிகிரி, யூனிஃபைடின் 60 டிகிரி என்ற மரைக் கோண வித்தியாசத்தைக் கேஜ் ஓரளவுக்குத்தான் காட்டும். 5/16 யு.என்.சி.க்கும் 5/16 விட்வொர்த்துக்கும் 18 மரைதான், நட்டும் ஏறிவிடும். நம் கடைகளில் இரும்பு கேட் வேலைக்கு விற்கிற இரண்டரை நூல் போல்ட் பெரும்பாலும் விட்வொர்த். அதை என்ஜினில் போடாதீர்கள்.

ஸ்டட்டின் இரண்டு முனையையும் தனித்தனியாக அளக்க வேண்டும். வார்ப்பிரும்புக்குள் போகிற முனை அகல மரையாகவும், நட் ஏறும் முனை நெருக்க மரையாகவும் இருப்பது பொதுவான வழக்கம். ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் வேலை நிற்கும்.

இன்னொன்று. வெளியே வந்த போல்ட்டை மாதிரியாகக் கொண்டு போகாதீர்கள். நாற்பது வருஷம் ஓடிய வண்டியில் எந்த போல்ட் யார் கையில் எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியாது. துளைதான் சாட்சி. துளையைச் சுத்தம் செய்து, சரியான போல்ட்டைக் கையாலேயே முழு ஆழத்துக்கும் இறக்கிப் பாருங்கள். ஸ்பேனர் தொடாமல் அடிவரை போனால்தான் மரை சரி.

பத்மினி நேசன்
என் பிரீமியர் பத்மினியில் இந்தச் சிக்கலே இல்லை. ஃபியட் இத்தாலிக்காரன், 1089 சிசி என்ஜின் முழுக்க மெட்ரிக். எட்டு எம்.எம்.முக்கு 1.25 பிட்ச், பத்து எம்.எம்.மில் மட்டும் 1.25ஆ 1.5ஆ என்று பார்த்து வாங்கினால் போதும்.

அதனால் கேட்கிறேன். அம்பி சார் ஏன் மேனிஃபோல்ட் துளைகள் எல்லாவற்றையும் எம்8 டேப் (உள்மரை வெட்டும் கருவி) போட்டு மாற்றிவிடக் கூடாது? 8.8 என்ற பலத் தரமுள்ள ஸ்டட் எந்தக் கடையிலும் கிடைக்கும். நடுவழியில் நட் ஒன்று விழுந்தாலும் எந்த ஊரிலும் மெக்கானிக் மாட்டிவிடுவார். ஓடுகிற வண்டிக்கு அது ஒரு பெரிய சௌகரியம்.

ஹெரால்டு 948
பத்மினி சார், வழியில் கிடைக்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பருமன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது ஒரு மரையின் மேல் இன்னொரு மரையை வெட்டினால் பழைய பள்ளங்கள் உள்ளேயே நிற்கும். புது மரைக்கு முழுப் பல் கிடைக்காது. எம்8க்கு 6.8 எம்.எம். டிரில், 5/16 யு.என்.எஃப்.புக்கு 6.9, யு.என்.சி.க்கு 6.6. ஏற்கனவே இருக்கிற துளையில் எம்8 வெட்ட உலோகம் எங்கே மிச்சம் இருக்கிறது? எக்ஸாஸ்ட் பக்கம் சூடேறி ஆறுகிற இடம் வேறு. அரைகுறை மரை அங்கே ரொம்ப நாள் தாங்காது.

நாளைக்கு இந்த வண்டியைத் தொடுகிற மெக்கானிக்கையும் நினைத்துப் பாருங்கள். பாதி இஞ்ச், பாதி மெட்ரிக் என்று கலந்துவிட்டால் அவர் எதை நம்பி ஸ்பேனர் எடுப்பார்? சரியான துளைகளைத் தொடக் கூடாது என்பதுதான் என் அபிப்பிராயம். கெட்டுப் போன அந்த ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்போம்.

அம்பத்தூர் லேத்
எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கிறேன். இரண்டு வேலையும் செய்து பழக்கம்.

முறிந்த இரண்டுக்கு: ஹெட் கீழே இருப்பதால் பாதி வேலை சுலபம். துண்டு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு போடச் சொல்லுங்கள். வெல்டு சூட்டிலேயே துரு விட்டுக்கொடுக்கும். ஆறும் நேரத்தில் மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். அப்புறம் முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும், ஒரே இழுப்பாக வேண்டாம். மட்டமாக முறிந்திருந்தால் நடு சென்டர் பஞ்ச் போட்டு, டிரில் மெஷினில் கட்டித்தான் துளைக்க வேண்டும். கை டிரில் ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட் போச்சு. ஈஸி அவுட் (முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் கருவி) உள்ளே முறிந்தால் அது கெட்டி ஸ்டீல், அதற்கு மேல் டிரில் ஏறாது. அதை நான் கடைசி வழியாகத்தான் எடுப்பேன்.

கெட்ட துளைக்கு: ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதில் துளைக்குள் வைக்கும் கம்பிச் சுருள்) போடலாம். 5/16 அளவில் காயிலும் அதற்கான டேப்பும் செட்டாக வருகிறது. போட்டால் ஒரிஜினல் அளவே திரும்பக் கிடைக்கும். அதற்குப் போதுமான சுவர்க் கனம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்னொரு வழி, படி வைத்த ஸ்டட்: உள்ளே போகிற முனை 3/8, வெளியே வருகிற முனை 5/16 யு.என்.எஃப். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா நட்டும் ஒரே அளவு. மேனிஃபோல்ட்டுக்கு இது தாராளமாகப் போதும். இ.என்.8 கம்பியிலோ இ.என்.19 கம்பியிலோ கடைந்து தருவேன்.

ஹெட் ஸ்டட்டும் கடைந்து தரச் சொல்லி வருகிறார்கள். அதை நான் எடுப்பதில்லை. கம்பெனி போல்ட்டில் மரையை உருட்டி அழுத்தி எழுப்புகிறார்கள். உலோகத்தின் நார் அறுபடாமல் மரையோடு வளைந்து போகும். லேத்தில் வெட்டினால் நார் அறுபடுகிறது, மரையின் அடிப்பள்ளத்தில்தான் விரிசல் தொடங்கும். மேனிஃபோல்ட் வேறு, ஹெட் வேறு.

புதுப்பேட்டை பக்கம்
எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன்.

அம்பாசடர் என்று பெயர் சொல்லி வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கே பழைய கடைகளில் இன்னமும் இந்த என்ஜினுக்கு ஸ்டட் செட், பித்தளை நட், கேஸ்கெட் எல்லாம் இருக்கும். பெட்டியிலேயே மேனிஃபோல்ட் ஸ்டட் என்று எழுதியிருக்கும். ஆனாலும் வாங்குகிற இடத்திலேயே பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள்.

மரை அளவு சொல்லி வாங்க பிராட்வே பக்கம்: செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டித் தெரு. ஹை டென்சைல் (அதிக இழுவிசை தாங்கும்) போல்ட் என்று தனியாக விற்கிற கடைக்குப் போங்கள். "5/16 யு.என்.எஃப்., ஒன்றேகால் இஞ்ச், ஹை டென்சைல்" என்று முழுசாகச் சொன்னால்தான் சரியான சாமான் வரும். "இரண்டரை நூல் போல்ட்" என்று மட்டும் சொன்னால் கேட் போல்ட்டைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

பலர் யோசிக்காத இடம் டிராக்டர் ஸ்பேர்ஸ் கடை. நம்ம ஊர் டாஃபே செய்த மாசி ஃபெர்குசன் டிராக்டரும், செம்பியத்தில் சிம்ப்சன் செய்த பெர்கின்ஸ் என்ஜினும் பிரிட்டிஷ் வடிவம், மரை யு.என்.எஃப்., யு.என்.சி. பெரம்பூரில் இருந்துகொண்டு செம்பியத்தை மறந்துவிடாதீர்கள் அம்பி சார். திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கத்து டிராக்டர் கடைகளில் யு.என்.எஃப். போல்ட் இன்றைக்கும் ஓடுகிற சரக்கு.

புல்லட் கடையில் மட்டும் வாங்காதீர்கள். பழைய புல்லட்டில் 5/16க்கு 26 மரை உள்ள சைக்கிள் த்ரெட்டும் வரும். 24க்கும் 26க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது.

புதுப்பேட்டையில் கழற்றிய போல்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். பிராக்கெட், தகட்டு வேலைக்கு எடுக்கலாம். என்ஜினுக்குள் போகிற எதையும் அங்கே வாங்க வேண்டாம் என்று, அந்தத் தெருவிலேயே வளர்ந்தவன் சொல்கிறேன்.

பெரம்பூர் அம்பி
எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

பிட்ச் கேஜ் வாங்கிப் பார்த்தேன். நட் ஏறும் முனையில் 24 பல் தகடு அப்படியே உட்கார்கிறது. முறிந்த துண்டு ஒன்று வெல்டு போட்டதும் வந்துவிட்டது, அதன் உள்முனையில் 18. மூன்றாவது துளையில் இருந்த போல்ட் 1.25, எம்8தான். துளையின் வாயில் மரை மழுங்கியிருக்கிறது, அடியில் கொஞ்சம் நன்றாக இருக்கிறது.

இப்போது ஹெட் ஸ்டட். பதினொன்றும் கையில் இருக்கின்றன. நட் எல்லாவற்றிலும் கையால் ஏறுகிறது, ஒன்றில் மட்டும் நடுவில் பிடிக்கிறது. நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ்ஸாகப் போட்டுவிடு, துருவே பிடிக்காது என்கிறார். போடலாமா?

கிண்டி டூல்ரூம்
ஸ்டெயின்லெஸ் வேண்டாம். கடையில் கிடைக்கிற ஏ2-70 வகையின் இழுவிசை பலம் 700 மெகாபாஸ்கல். 8.8 என்றாலே 800, அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை நீண்டு நிற்காமல் தாங்கும். ஏ2-70க்கு அந்த எல்லை 450தான். ஹெட் ஸ்டட்டின் வேலையே ஸ்பிரிங் மாதிரி இழுபட்டு நின்று கேஸ்கெட்டை அழுத்திக்கொண்டே இருப்பது. முன்னாடியே நீண்டுவிடுகிற ஸ்டட்டால் அது முடியாது. ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பாதியில் இறுகிப் போவதும் உண்டு, அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இஞ்ச் போல்ட்டில் தலையைப் பாருங்கள். சக்கரத்தின் ஆரக்கால் போல மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஏறக்குறைய 8.8க்குச் சமம். ஆறு கோடு என்றால் கிரேடு 8, ஏறக்குறைய 10.9. ஒன்றுமே இல்லாவிட்டால் மைல்டு ஸ்டீல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் போல்ட்டில் தலைமேல் வட்டமாகக் குழிவோ, பக்கத்தில் ஒட்டி ஒட்டி மூன்று வட்டமோ இருந்தால் அது யூனிஃபைட் மரை என்பதற்கு அடையாளம். சென்னை பாடியில் செய்கிற டி.வி.எஸ். போல்ட்டிலும் தலையில் பெயரும் கிரேடும் இருக்கும். அச்சு மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நடுவில் நட் பிடிக்கிற அந்த ஒரு ஸ்டட்டை மாற்றுங்கள். மரை நீண்டதன் அறிகுறி அது. அதே நீளமுள்ள இன்னொரு ஸ்டட்டின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தால் சில சமயம் உயரத்திலேயே தெரியும்.

அம்பத்தூர் லேத்
கிண்டி டூல்ரூம் மேடம் சொன்னது சரி. கெட்ட துளையின் அடியில் மரை நன்றாக இருக்கிறது என்றால் 18 டேப்பை அடியில் பிடிக்க வைத்துச் சுத்தம் செய்தாலே கொஞ்சம் மீளலாம். ஆனாலும் மழுங்கிய வாயை நம்பி விடாதீர்கள், ஹெலிகாயில் போட்டுவிடுவோம். மேனிஃபோல்ட் நட்டுகள் பித்தளையாக இருக்கட்டும். பித்தளை இரும்போடு சேர்ந்து துருப்பிடித்து ஒட்டாது, அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் முறியாது.

பத்மினி நேசன்
சரி, எம்8 யோசனையை விட்டுவிடுகிறேன். ஒரு சந்தேகம். ஹெட் இறங்கியிருக்கும்போதே கனெக்டிங் ராட் போல்ட்டையும் மாற்றுவது நல்லதில்லையா? அது விட்டால் என்ஜின் சுவரே உடைந்துவிடுமே.

ஹெரால்டு 948
சம்ப்பை (என்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியை) கழற்றும் வேலை இருந்தால் மட்டும். நன்றாக உட்கார்ந்திருக்கிற ராட் போல்ட்டை இதற்காகப் போய்த் தொட வேண்டாம். ஆனால் ஒருமுறை தொட்டுவிட்டால் அங்கே சமரசம் கூடாது: இந்த என்ஜினுக்கென்றே செய்த போல்ட், புது லாக் தகடு. அளவு பொருந்துகிறது என்று ஹை டென்சைல் கடை போல்ட்டை ராடில் போடக் கூடாது. அதன் தண்டு ராடின் துளையில் துல்லியமாக உட்கார்ந்து மூடியை நேராகப் பிடிக்கிறது. சாதாரண போல்ட்டின் தண்டு அந்த அளவுக்குக் கடைந்தது கிடையாது. முலாம் பூசிய 10.9, 12.9 போல்ட்டும் அங்கே ஆகாது. பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே போய், சரியாகச் சூடேற்றி வெளியேற்றாவிட்டால் திடீரென்று ஒடியும்.

பெரம்பூர் அம்பி
ராட் பக்கம் போகவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் மேனிஃபோல்ட் ஸ்டட் செட்டும் ஒரு ஹெட் ஸ்டட்டும் கிடைத்தன, கடையிலேயே கேஜ் வைத்துப் பார்த்து வாங்கினேன். பித்தளை நட் செம்பியத்தில் ஒரு டிராக்டர் கடையில் கிடைத்தது. ஹெலிகாயில் அம்பத்தூர் அண்ணன் பட்டறையில் போட்டோம். ஸ்டட் கையாலேயே அடிவரை இறங்கியது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார்.

பழைய புத்தகத்தில் டார்க் (நட்டை முறுக்கும் விசை) பவுண்டு அடியில் இருக்கிறது, என் ரெஞ்சில் கிலோகிராம்-மீட்டர். மரையில் எண்ணெய் போட வேண்டுமா?

கிண்டி டூல்ரூம்
ஒரு கிலோகிராம்-மீட்டர் 7.23 பவுண்டு அடி. புத்தகத்தில் உள்ளதை 7.23ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் எண்ணெய் போட்ட மரை என்று சொன்னால் மட்டும் போடுங்கள். உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை எண்ணெய் போட்ட மரையில் கொடுத்தால் உராய்வு குறைந்து ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். ஸ்டட் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது, காற்றடித்து உலர்த்துங்கள். திரவம் நசுங்காது, ஸ்டட்டை இறக்கும்போது பிளாக்கில் விரிசல் விழும்.

ஹெரால்டு 948
இந்த என்ஜினில் ராக்கர் (வால்வுகளை அழுத்தும் கைகள்) பீடங்களையும் ஹெட் ஸ்டட்டுகளில் நான்கே பிடிக்கின்றன. பிற்பாடு டேப்பெட்டுக்காக ராக்கரைக் கழற்றினால் அந்த நான்கை மட்டும் தளர்த்தாதீர்கள், ஹெட் கோணும். தண்ணீரை இறக்கிவிட்டு, புத்தகத்தில் உள்ள வரிசைப்படி எல்லா நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இப்போது மாட்டிய பிறகும் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை டார்க் சரிபாருங்கள், அதன் பின் டேப்பெட் இடைவெளி. டார்க் ஏறினால் இடைவெளியும் மாறும், அதனால் வரிசை இதுதான்.